அகல் வட்டம்

சென்ற மாதம் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, கையொப்பத்துக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான்காம் இயலில் முழுப்பக்க வண்ணப்படம் ஒன்று இருந்தது. குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போன்ற சிவப்புத் தட்டு. அதில் பாக்டீரியா வளர்ந்த புள்ளிகளைச் சுற்றி, நிலா கோட்டை கட்டுவது போல வெளிறிய மஞ்சள் வளையங்கள். படம் அழகாக இருந்தது, அளவுகள் ஒழுங்காக இருந்தன, எழுத்துப்பிழைகூட அதிகமில்லை. ஆனாலும் பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டேன். "ஏதாச்சும் தப்பா மேடம்?" என்று கேட்டாள். "தப்பு ஒன்றும் இல்லை, நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவைத்தேன். ஆங்கிலத் தலைப்புகளை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பது என் பழக்கம். எங்கே உறுத்துகிறது என்பது அப்போதுதான் தெரியும். காண்டாமிருக வண்டின் புழுக்குடலிலிருந்து செல்லுலோஸைச் செரிக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தல் என்று சொல்லிப் பார்த்தேன். செல்லுலோஸ் என்பது வைக்கோலுக்கும் பருத்திக்கும் காகிதத்துக்கும் உடம்பாக இருக்கும் நார். உறுத்தியது 'செரிக்கும்' என்ற சொல். 2006ஆம் ஆண்டு என் பெயரில் பைண்டு செய்யப்பட்ட ஆய்வேட்டின் தலைப்பிலும், ஏறத்தாழ அதே இடத்தில், அதே சொல் உட்கார்ந்திருக்கிறது.

என் புழுக்கள் வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம், ஆயா வீட்டு, அதாவது பாட்டி வீட்டு எருக்குழியிலிருந்து வந்தவை. சித்திரை வெயிலில் குழியை வெட்டி எருவை வண்டியில் ஏற்றும்போது, மண்வெட்டி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நான்கைந்து வெள்ளைப் புழுக்கள் சுருண்டபடி வெளியே விழும். கட்டைவிரல் பருமன், செம்பழுப்புத் தலை, பின்பாதி மட்டும் உள்ளே சாணி நிறைந்து சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும். கோழிகளும் மைனாக்களும் அதற்காகவே காத்திருக்கும். தென்னை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புழுவின்மேல் இரக்கம் கிடையாது. வண்டாகிப் பறந்து போய்க் குருத்தைத் துளைப்பது அதுதானே. நான் ஒரு டப்பாவில் எருவோடு சேர்த்துப் பன்னிரண்டை எடுத்து வைத்தபோது, "படிப்புக்கா இத்த எடுத்துனு போற?" என்று ஆயா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஆமாம் என்றேன். வைக்கோலும் சாணியும் தவிர வேறொன்றும் தின்னாமல் அந்தப் பருமன் பருக்கிறதென்றால், அதன் வயிற்றில் நாரைச் சர்க்கரையாக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்பதுதான் என் ஆய்வின் முழுத் தத்துவமும்.

புழுவைப் பனிக்கட்டியில் வைத்து மரக்கவிட்டு, எரிசாராயத்தால் துடைத்து, வயிற்றுப்பக்கம் கத்தரித்தால், பின்குடல் ஒரு தனிப் பை போல வீங்கிக் கிடப்பது தெரியும். அதை உப்புக் கரைசலில் அரைத்து, நீர்க்க நீர்க்க விளாவி, கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கலந்த அகார் தட்டில் பரப்ப வேண்டும். இந்த நீண்ட பெயரை உலகமே சிஎம்சி என்று சுருக்கிச் சொல்கிறது. வேலூரில் அந்த மூன்றெழுத்துக்கு ஒரே பொருள்தான்: மருத்துவமனை. ஒருமுறை காட்பாடி பஸ்ஸில் தோழியிடம் தொலைபேசியில், "சிஎம்சியில் ஒன்றும் வளரவில்லை, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன்" என்று நான் சொன்னதைக் கேட்டு, முன் இருக்கையிலிருந்த அம்மாள் பதறித் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் வளர்த்த தட்டின்மேல் காங்கோ ரெட் சாயத்தை ஊற்றிக் கால்மணி நேரம் விட்டு, உப்பு நீரால் அலசினால், சிஎம்சி சிதைந்த இடத்தில் வளையம் தெரியும். டீதர், வுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982இல் மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்களுக்காக எழுதிக் கொடுத்த முறை இது. மலிவு, எளிது, படம் எடுக்க ஏற்றது. அதனாலேயே இந்தியாவில் நுண்ணுயிரியல் சொல்லித்தரும் கல்லூரிகளில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கரையான் வயிற்றிலிருந்தோ, பட்டுப்புழு வயிற்றிலிருந்தோ, வெட்டுக்கிளி வயிற்றிலிருந்தோ வளையம் எடுத்துக்கொண்டிருக்கிறார். என் தட்டில் விழுந்த வளையம் நல்ல அகலம். வழிகாட்டி மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். நிலாவைப் பார்த்து, அகல்வட்டம் பகல்மழை என்பார்கள். வட்டத்தைப் பார்த்ததுமே நான் குடையை எடுத்துவிட்டேன்.

காகிதம் போட்டுப் பார்த்தாயா?

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அதிகம் பேசாதவர். என் தட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சர்க்கரையைக் காட்டும் டிஎன்எஸ் கரைசல் ஆரஞ்சு நிறமானதையும், 540 நானோமீட்டரில் எடுத்த அளவீடுகளையும் பார்த்தார். கடைசியில், "காகிதம் போட்டுப் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வடிதாள் ஒரு துண்டு, அவ்வளவுதான். அது காகிதத்தைத் தின்னுதா?" என்றார். இல்லை என்றேன். தலையசைத்துவிட்டு மதிப்பெண் போட்டார், நல்ல மதிப்பெண்ணே போட்டார். அந்தக் கேள்வியை அவர் குற்றமாகச் சொல்லவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

தேர்வு முடிந்து, முடிவு வரும்வரை ஆய்வகத்தில் இருந்துகொள்ள அனுமதி இருந்தது. வாட்மன் ஒன்றாம் எண் வடிதாளை ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளம் என்று வெட்டி, தாது உப்புக் கரைசல் ஊற்றிய சோதனைக் குழாய்களில் பாதி நனையும்படி நிறுத்தினேன். சிலவற்றில் வளையம் விழுந்த என் பாக்டீரியாவை விட்டேன். ஒன்றில் எதுவும் விடவில்லை. இன்னொன்றில், டப்பாவின் அடியில் காய்ந்து கிடந்த எருக்குழி மண்ணை ஒரு சிட்டிகை போட்டேன். இதை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. குழாய் ஒன்று மிஞ்சியிருந்தது, அவ்வளவே.

மறுநாளே என் குழாய்கள் கலங்கின. கைதட்டாத குறையாகக் குதித்தேன். பிறகுதான் கரைசலில் நானே சேர்த்த ஒரு சிட்டிகை ஈஸ்ட் சாறு நினைவுக்கு வந்தது. பாக்டீரியா அதைத் தின்று வளர்ந்திருந்தது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. தாள் விறைப்பாக நின்றது. மூன்றாம் வாரம் மண் போட்ட குழாயில், தண்ணீரும் காற்றும் சந்திக்கும் கோட்டில் தாள் மஞ்சளாகி, கொழகொழவென்று மெலிந்து, உட்புறம் குழிந்தது. குழாயை விரலால் தட்டியதும் தாள் அந்தக் கோட்டில் இரண்டாக அறுந்து, மேல்பாதி சரிந்து விழுந்தது. என் பாக்டீரியா இருந்த குழாய்களை எவ்வளவு தட்டியும் ஒன்றும் நிகழவில்லை. நாற்பதாம் நாள் தாளை எடுத்து அலசிக் காயவைத்து எடை போட்டேன். எதுவும் விடாத குழாயின் தாளுக்கும் அதற்கும் வித்தியாசம் தராசுக்குத் தெரியவில்லை. மண் குழாயிலிருந்து எட்டு வகைப் பாக்டீரியாவைத் தனித்தனியே பிரித்து மறுபடி தாளோடு விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தனியாகத் தாளைத் தொடவில்லை.

வெட்டுவதும் பிரிப்பதும்

ஏன் என்பது பாடப்புத்தகத்திலேயே இருந்தது. நான் அதைத் தேர்வுக்காக மட்டும் படித்திருந்தேன். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் கோத்த சரம். மாவுச்சத்தும் அதே குளுக்கோஸ் சரம்தான். கோத்த முறைதான் வேறு. மாவுச்சத்தில் சரம் சுருளும். செல்லுலோஸில் நேராக நீளும். நேரான சரங்கள் பக்கம் பக்கமாகப் படிந்து, ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு, முறுக்கேறிய கயிறு போலத் தண்ணீரே புகாதபடி இறுகிவிடும். வேட்டியை ஆயிரம் முறை துவைத்தும் அது கரைந்து போகாமல் இருப்பது இதனால்தான். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்பது இந்தக் கயிற்றை வேதிமுறையில் ஏற்கெனவே பிரித்துத் தண்ணீரில் கரையும்படி செய்துவைத்த பொருள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்க அதைச் சேர்க்கிறார்கள். கண் உலர்ந்து எரிகிறது என்றால் மருத்துவர் எழுதித்தரும் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பதும் அதுவே. கண்ணில் விடும் சொட்டு மருந்தை வெட்டத் தெரிந்த ஒன்றை, வேட்டியைத் தின்னத் தெரிந்தது என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

உண்மையான நாரைச் சர்க்கரையாக்கக் குறைந்தது மூன்று வகை நொதிகள் வேண்டும். எண்டோகுளுக்கனேஸ் சரத்தின் நடுவில், தளர்ந்த இடமாகப் பார்த்து வெட்டும். எக்ஸோகுளுக்கனேஸ் வெட்டுப்பட்ட முனையைப் பிடித்துச் சரத்தைக் கயிற்றிலிருந்து உரித்தெடுத்து, இரண்டிரண்டு சர்க்கரையாக நறுக்கிக்கொண்டே போகும். பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த இரட்டைகளைப் பிரிக்கும். அது இல்லாவிட்டால் இரட்டைகள் தேங்கி, முன்னதன் வேலையையே நிறுத்திவிடும். காங்கோ ரெட் சாயம் நீண்ட சரங்களில்தான் ஒட்டும்; சரம் துண்டுபட்டால் அலசும்போது சாயம் போய்விடும். ஆக, வளையம் சொல்வது முதலாவது நொதியைப் பற்றி மட்டுமே: இங்கே ஏதோ சரத்தை வெட்டியிருக்கிறது. ஒரு துளி சர்க்கரையாவது வெளிவந்ததா என்பது அதற்குத் தெரியாது. என் பாக்டீரியா வித்து உண்டாக்கும் கோல்வடிவப் பேசில்லஸ் வகை. அந்த இனத்தில் முதல் கத்தி மட்டும் உள்ளவை ஏராளம்.

டெல்லி ஐஐடியைச் சேர்ந்த டி. கே. கோஷ் 1987இல் உலக வேதியியல் ஒன்றியத்துக்காக எழுதித் தந்த அளவுகோல் இன்றும் நடப்பில் இருக்கிறது: நான் வெட்டிய அதே அளவு வடிதாள், 50 மில்லிகிராம், 50 பாகை வெப்பம், ஒரு மணி நேரம், அதில் 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வந்தாக வேண்டும். அதாவது தாளில் சுமார் நான்கு விழுக்காடு. கேட்பதற்குக் கருணையான இலக்கு. என் பாக்டீரியாவுக்கு நாற்பது நாள் கொடுத்தும் அது அந்தப் பக்கமே வரவில்லை.

இன்னொரு சந்தேகம் அதைவிடச் சங்கடமானது. நான் பிரித்த பாக்டீரியா அந்தக் குடலின் குடித்தனக்காரன்தானா? எருவைத் தின்னும் புழுவின் குடலில் எருவிலுள்ள பாக்டீரியா இருக்கத்தானே செய்யும். பேசில்லஸின் வித்து எந்தக் குடலையும் சேதமில்லாமல் கடந்து வெளியே போய்விடும். மருத்துவமனைக்கு எதிர்த் தெருக்களில் உள்ள லாட்ஜுகளில் இறங்கியிருக்கும் வங்காளிகளை எண்ணிவிட்டு, வேலூர்க்காரர்களின் தாய்மொழி வங்காளம் என்று எழுதுவது போன்றது அது. பின்குடலின் நடுப்பகுதியில் ஆக்சிஜனே இருக்காது. அங்கே நாரோடு உண்மையாக மல்லுக்கட்டுபவை காற்றுப் பட்டால் வளராதவை. திறந்த தட்டில், காற்றில் வளர்த்த நான் அவற்றில் ஒன்றையும் பார்த்திருக்கவே முடியாது.

பெட்டிக்குள் நடந்தது

ஆயா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அந்த வழியாகச் செல், அதாவது கரையான், ஏறியிருந்தது. மேலே இருந்த புடவை அப்படியே இருந்தது. அதைத் தூக்கியதும் கீழே பத்திரக் கட்டு இருந்த இடத்தில் ஈரமண் அடைபோல ஒன்று மட்டும் இருந்தது. அடையை உடைத்தால் உள்ளே முத்திரைத்தாளின் ஓரங்கள், அரக்கு முத்திரையின் சில்லு, 'வடஆற்காடு மா' வரைக்கும் தப்பிய ஒரு வரி. என் வளையக்காரன் நாற்பது நாளில் தொடாத பொருளை ஒரு மழைக்காலத்துக்குள் கரையான்கள் சுத்தமாக முடித்திருந்தன. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பை அவரிடம் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்.

கரையான் மரத்தைத் தனியாகச் செரிப்பதில்லை என்பதைக் கிளீவ்லேண்ட் என்ற ஆய்வாளர் 1920களில் காட்டினார். கரையானைக் கொல்லாத அளவு சூடு காட்டி, குடலிலிருந்த ஓரணு உயிரிகளை மட்டும் அழித்தார். கரையான்கள் வழக்கம்போல மரத்தைத் தின்றன, தின்றபடியே பட்டினியில் செத்தன. ஓரணு உயிரிகளைத் திரும்பக் குடியேற்றியவை பிழைத்தன. தின்பது வேறு, செரிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனையை நான் படித்ததில்லை. நம் பக்கத்துப் புற்றுக் கரையான்களின் குடலில் அந்த ஓரணு உயிரிகள் இல்லை. பெட்டியை அரித்தது பெரும்பாலும் ஒடொன்டோடெர்மஸ் இனமாகத்தான் இருக்கும். அது தின்ற நாரைப் புற்றுக்குள் கொண்டுபோய்க் கழித்து, அதன்மேல் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சையைப் பயிர் செய்து, அந்த விளைச்சலைத் தின்கிறது. முதல் மழைக்குப் புற்றோரம் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைத்தவர்கள் அந்தப் பயிரின் பூவைத்தான் தின்றிருக்கிறார்கள். ஆக எங்கள் நிலப் பத்திரம் ஒரு வயிற்றில் செரிக்கவில்லை. ஒரு வயிறு, ஒரு தோட்டம், மறுபடி ஒரு வயிறு என்று சுற்றிவந்து செரித்திருக்கிறது.

பெருமை முழுவதையும் குடலில் குடியிருப்பவர்களுக்கே கொடுத்த காலமும் பிறகு மாறியது. புத்தக அலமாரியில் ஓடும் வெள்ளிப்பூச்சி, பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்டாலும் செல்லுலோஸைச் செரிக்கிறது என்பதை லாஸ்கரும் கீஸியும் 1956இல் கதிரியக்கக் கார்பனை வைத்துக் காட்டினார்கள். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கரையானின் சொந்த மரபணுவிலேயே செல்லுலேஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது உமிழ்நீர்ச் சுரப்பியில் சுரக்கிறது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையாக, வீட்டுக்காரன் பங்கையும் சேர்த்துக் குடிவந்தவன் கணக்கில் எழுதியிருந்தோம். அதற்காகக் குடிவந்தவனுக்கு ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடவில்லை. கோஸ்டாரிகாவின் நாசுடிடெர்மஸ் கரையானின் பின்குடலை 2007இல் மொத்தமாக மரபணு வரிசைப்படுத்தியபோது, நாரைச் சிதைக்கும் பாக்டீரிய மரபணுக்கள் குவியலாகக் கிடைத்தன. இவற்றுக்கெல்லாம் முன்னால், தாடையும் அரைப்பையும் நாரை மாவாக அரைத்துக் கொடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. என் சோதனைக் குழாயில் யாரும் அரைத்துக் கொடுக்கவில்லை. முழுத் தாளைக் கொண்டுபோய் வாயில்லாத ஒன்றின் முன்னால் நிறுத்தியிருந்தேன்.

இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, என் பழைய பாக்டீரியாவின்மேல் எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. காகிதத்தைத் தின்னத் தெரியாதது என்று நான் குறைசொல்லும் அதே குணத்துக்காக ஒரு தொழிலே நடந்திருக்கிறது. ஜப்பானில் காவோ நிறுவனம் 1987இல் விற்பனைக்கு விட்ட அட்டாக் சலவைத்தூளில், காரநீரில் வேலைசெய்யும் ஒரு பேசில்லஸின் செல்லுலேஸ் இருந்தது. பருத்தி நூலின் தளர்ந்த இழைகளை மட்டும் தொட்டு, அங்கே சிக்கிய அழுக்கை விடுவிப்பது அதன் வேலை. இறுகிய நாரையும் அது செரித்திருந்தால் நான்கு சலவைக்குச் சட்டை மிஞ்சாது. ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது: தோலின் மயிரைக் கழற்றும் நொதி தோலையே கரைத்துவிடக் கூடாது. இவ்வகை வண்டுகளின் புழுக்களுக்கு நடுக்குடல் பிஎச் பத்தைத் தாண்டும் அளவுக்குக் காரமானது. அந்தக் காரத்தைக் கடந்து வந்த பாக்டீரியாவின் நொதி, காரத்தில் நிற்குமா என்று 2006இல் நான் பார்க்கவே இல்லை. ஏழு பிஎச்சில் அளந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாணவி வந்தாள். இதையெல்லாம் அவளிடம் நான் சொன்னபோது பாதியிலேயே அவள் முகம் வாடிவிட்டது. பைண்டிங் செலவு நான்கு படிக்கும் ஏற்கெனவே ஆகிவிட்டதாம். முதல் பக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம் என்றேன். 'செல்லுலோஸைச் செரிக்கும்' என்பதை எடுத்துவிட்டு, 'கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸை வெட்டும்' என்று போட்டோம். தலைப்பு நீண்டது, மதிப்பும் சற்றுக் குறைந்தது போலத்தான் தெரிந்தது. ஒன்பது, பத்து பிஎச்சில் இன்னொரு அட்டவணை சேர்க்க ஒப்புக்கொண்டாள். கையொப்பம் போட்டேன். கதவுவரை போனவள் திரும்பி நின்று, "அப்போ புழு காகிதத்த செரிக்குமா மேடம்?" என்றாள்.

அவளிடம் உயிரோடு மிஞ்சியிருந்தவை மூன்று. மூன்றையும் எருவிலிருந்து எடுத்துத் தனித்தனி டப்பாவில், எடை போட்டு நனைத்த வடிதாளோடு விட்டிருக்கிறோம். முதல் ஐந்து நாள் அவை தாளைச் சீண்டவே இல்லை. ஒன்று இறந்துபோயிற்று. ஒன்பதாம் நாள் மற்ற இரண்டில் ஒரு டப்பாவில் தாளின் ஓரம் சீவினாற்போல் குறைந்திருந்தது. பக்கத்தில் மிளகளவு, வெளிறிய புழுக்கைகள் நான்கு. அவள் துள்ளினாள். உள்ளே போனது அப்படியே வெளியே வந்திருக்கலாம் என்று சொல்லி, புழுக்கைகளைத் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னேன். உலர்த்தி எடை பார்க்க வேண்டும். உலர்த்தும் அடுப்பு முதலாமாண்டு மாணவர்களின் கையில் இருக்கிறது; செவ்வாய்க்கிழமைதான் நமக்குக் கிடைக்கும்.